பள்ளிக் கணித ஆய்வு ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

தனியாக ஒரு கணித ஆய்வு செய்யலாம் என்று பள்ளி மாணவர் நினைத்தவுடன் பெரிய பெயர்கள்தான் முதலில் மனதில் வந்து நிற்கின்றன. கோல்ட்பாக் யூகம், இரட்டைப் பகா எண்கள், கொலாட்ஸ் யூகம் என்று யாரும் இன்னும் நிரூபிக்காத கேள்விகள். கொலாட்ஸின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள்; ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். இப்படியே போனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் 1 வருமா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கேள்வி விளங்கிவிடும். ஆனால் 1937 முதல் விடை இல்லை. 2019ல் கணித அறிஞர் டெரன்ஸ் தாவோ நிரூபித்ததுகூட ‘ஏறக்குறைய எல்லா எண்களுக்கும்’ என்ற வகையில், முழு யூகத்தைவிட வலுக்குறைந்த முடிவுதான். இதைத் தலைப்பாக எடுக்கும் மாணவரிடம் சில மாதம் கழித்து அழகான வரைபடங்கள் இருக்கும். நான் இதைக் கண்டேன் என்று சொல்ல ஒரு வரி இருக்காது.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. ‘தங்க விகிதமும் இயற்கையும்’, ‘அன்றாட வாழ்வில் நிகழ்தகவு’ என்று தலைப்பு வைப்பது. அதில் கேள்வியே இல்லை. தகவல்களைத் திரட்டி அடுக்கினால் அது நல்ல கட்டுரையாகலாம், ஆய்வாகாது. தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட முடிகிறதா என்று பாருங்கள். போட முடிந்தால், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடைக்கு என்ன ஆதாரம் காட்டுவேன் என்று அடுத்ததாகக் கேளுங்கள். இந்த இரண்டிலும் தேறாத தலைப்போடு வேலையைத் தொடங்காதீர்கள்.

சரியான அளவு என்பது என்ன? 6174ஐ எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர், 1949ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். எல்லா இடத்திலும் ஒரே இலக்கம் வராத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். வரும் விடையோடு அதையே திரும்பச் செய்யுங்கள். அதிகபட்சம் ஏழு முறையில் 6174 வந்துவிடும், அப்புறம் மாறாது. மூன்றிலக்கத்தில் 495. ஐந்திலக்கத்தில் இப்படி ஒரே எண்ணில் போய் நிற்பதே இல்லை. எண்கள் சுழற்சிகளில் மாட்டிக்கொள்கின்றன.

‘காப்ரேகர் மாறிலி பற்றிய ஆய்வு’ என்று வைத்தால் மறுபடியும் தகவல் திரட்டுதான். ‘எத்தனை இலக்கமானாலும், எந்த அடிமானமானாலும் என்ன நடக்கும்?’ என்று வைத்தால் மூழ்கிப்போவீர்கள். (அடிமானம் என்பது எண்களை எழுத எத்தனை இலக்கங்களைப் பயன்படுத்துகிறோம் என்பது; நாம் வழக்கமாக எழுதுவது 0 முதல் 9 வரை, பத்தடிமானம்.) ‘மூன்றிலக்க எண்களை மட்டும் எடுத்து, பத்தடிமானத்துக்குப் பதில் வேறு அடிமானத்தில் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். இது முடிக்கக்கூடிய கேள்வி. அடிமானம் b என்றும், மிகப்பெரிய இலக்கத்துக்கும் மிகச்சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் k என்றும் வைத்தால், கழித்து வரும் விடையின் இலக்கங்கள் k−1, b−1, b−k. நடு இலக்கம் என்ன என்பதே கணக்கில் வரவில்லை, கவனித்தீர்களா? அடுத்த படியின் வித்தியாசம், b−k, k−1 இரண்டில் பெரியது. இந்த ஒரு வரியிலிருந்து மற்றதெல்லாம் வந்துவிடுகிறது. b இரட்டைப்படையானால், முதல் படிக்குப் பிறகு k குறைந்துகொண்டே வந்து b/2இல் நிற்கும். ஒற்றைப்படையானால் இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். பதினொன்றாம் வகுப்பு மாணவர் இரண்டு பக்கத்தில் முழு நிரூபணமும் எழுதிவிடலாம்.

இது ஏற்கெனவே தெரிந்த முடிவுதான். இங்கேதான் அடுத்த தவறு. முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடாமலே வேலையைத் தொடங்கிவிட்டு, முடிக்கிற நேரத்தில் பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்து மனம் உடைந்துபோகிறார்கள். எண்தொடர் ஏதாவது கிடைத்தால் அதன் முதல் ஆறேழு உறுப்புகளை நீல் ஸ்லோன் தொடங்கிய இணைய எண்தொடர்க் களஞ்சியத்தில் (OEIS) போட்டுப் பாருங்கள். 1964ல் அவர் சேகரிக்க ஆரம்பித்தது, 1996 முதல் இணையத்தில் இருக்கிறது. தேடல் முதல் வாரத்து வேலை. ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தால் கேள்வியைச் சற்றே நகர்த்தலாம், அல்லது வேறு வழியில் நிரூபிக்கலாம். இரண்டுமே மதிப்புள்ள வேலை. ‘உலகிலேயே முதன்முறை’ என்று எழுதுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2023ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள் முக்கோணவியல் வழியாகப் பித்தாகரஸ் தேற்றத்துக்கு நிரூபணம் தந்தார்கள். அப்படியொரு நிரூபணம் இதுவரை வந்ததே இல்லை என்று பல செய்திகள் சொல்லின. ஆனால் ஜேசன் சிம்பா என்பவர் 2009லேயே அப்படி ஒன்றை வெளியிட்டிருந்தார். இதனால் அந்த மாணவிகளின் நிரூபணத்துக்கு எந்தக் குறைவும் வரவில்லை. 2024ல் அவர்கள் கட்டுரை நல்ல கணித இதழிலேயே வெளியானது.

என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் ஆதாரத்துக்கும் நிரூபணத்துக்கும் நடுவில் இருக்கிறது. ‘பத்து லட்சம் வரை சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது, ஆகவே உண்மை’ என்று அறிக்கை முடிந்துவிடும். கணித அறிஞர் போல்யா 1919ல் ஒரு யூகம் சொன்னார். 1ஐவிடப் பெரிய எந்த எண் வரை எடுத்தாலும், பகாக் காரணிகளை (திரும்ப வருவதையும் சேர்த்து) எண்ணினால் ஒற்றைப்படை வரும் எண்கள், இரட்டைப்படை வரும் எண்களைவிடக் குறையாது என்பது அது. பத்து லட்சம் வரை சரி. பத்துக் கோடி வரையும் சரி. 1958ல் அது தவறு என்று நிரூபிக்கப்பட்டது. முதன்முதலில் அது உடையும் இடம் 90,61,50,257 என்று 1980ல் கண்டுபிடித்தார்கள்.

அதற்காகக் கணினிச் சோதனையே நிரூபணமாகாது என்று முடிவு கட்டவும் வேண்டாம். நான்கிலக்க எண்கள் ஒரு வரம்புக்குள் அடங்கியவை. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சோதித்தால் 6174க்கு அது முழு நிரூபணமே. ஆனால் ‘ஏன்’ என்பதற்கு அதில் விடை இருக்காது. இலக்கங்களை இறங்கு வரிசையில் a, b, c, d என்று எழுதினால் முதல் கழித்தலின் விடை 999(a−d) + 90(b−c). அதாவது இரண்டு வித்தியாசங்கள் தெரிந்தால் போதும். அந்த இரண்டும் சேர்ந்து வரக்கூடிய வகைகள் வெறும் 54. கிட்டத்தட்ட பத்தாயிரம் எண்கள் ஒரே படியில் 54 ஆகச் சுருங்குகின்றன! ஒரு மாலையில் கையாலேயே சரிபார்த்துவிடலாம். கணினி தந்த அட்டவணையோடு நிற்காமல் இந்தச் சுருக்கத்தைத் தேடிப் போகிற மாணவர்தான் கணிதம் செய்கிறார் என்பேன்.

ராமானுஜன் நிரூபணம் இல்லாமலே எழுதவில்லையா என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. பகா எண்களின் பரவல் பற்றி அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913ல் எழுதியவற்றில் சில தவறாகவே இருந்தன. அந்த இடத்தில் உள்ளுணர்வு மட்டும் போதவில்லை. கேம்பிரிட்ஜ் போனபிறகு அவர் நிரூபணங்களோடு கட்டுரைகள் வெளியிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. அதே காப்ரேகர் கழித்தலுக்கு 2111ஐ எடுங்கள். 2111−1112 = 999. இதை 0999 என்று நான்கிலக்கமாக வைத்திருந்தால் அடுத்தது 9990−0999 = 8991 என்று போய் 6174ஐ அடையும். முன்னால் உள்ள பூச்சியத்தை நிரல் தூக்கிப் போட்டுவிட்டால் 999−999, அதாவது பூச்சியம். இப்படி 68 எண்கள் ‘விதிவிலக்கு’ ஆகிவிடும். இந்த விதிவிலக்குகளுக்கு ஒரு விளக்கமும் உண்டாக்கி மாணவர் அறிக்கை எழுதிவிடுவார்! எதிர்பாராத விடை வந்தால் முதலில் இரண்டு மூன்று எண்களைக் கையால் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, ‘முன்னால் வரும் பூச்சியமும் இலக்கமே’ என்ற வரையறையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நிரூபணம் கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். கேட்கலாம். ஆனால் அது தருவது படிக்கச் சரளமாக இருக்கும், நடுவில் ஒரு படி பொய்யாக இருக்கலாம். ஒவ்வொரு வரியையும் பார்க்காமல், கரும்பலகையில் நின்று விளக்க முடியாத ஒன்றை உங்கள் பெயரில் சேர்க்காதீர்கள். உதவி வாங்கியிருந்தால் எங்கே, எவ்வளவு என்று எழுதுங்கள். வழிகாட்டும் ஆசிரியரிடம் வாங்கிய உதவிக்கும் இதேதான்.

எழுதுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதும் பலர் செய்வது. முதல் மாதத்திலேயே, கேள்வியும் வரையறைகளும் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, அறிக்கையைத் திறந்து வையுங்கள். எழுதும்போதுதான் ஓட்டை தெரியும். புதிய கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள், அப்போதே பின்னால் ஓடாதீர்கள். அந்தப் பக்கம் அறிக்கையின் கடைசிப் பகுதியாகிவிடும்.

முடித்தபின் பிழை தெரிந்தால்? மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்தின் சாரா ஃபிளானரி பதினாறு வயதில் செய்த குறியாக்க (செய்தியை ரகசியமாக்கும் முறை) ஆய்வுக்காக 1999ல் அந்நாட்டின் இளம் விஞ்ஞானி விருது பெற்றார். அந்தக் குறியாக்க முறையை உடைக்க முடியும் என்று பிறகு தெரியவந்தது. அதை உடைக்கும் வழியையே அவர் தன் ஆய்வுக் கட்டுரையில் பிற்சேர்க்கையாக விளக்கி எழுதினார். உங்கள் நிரூபணத்தில் ஓட்டை கிடைத்தால் அது எந்த வரியில், எந்த எண்களுக்கு, அது போக மிச்சம் நிற்பது எவ்வளவு என்று அதே அறிக்கையில் எழுதிவிடுங்கள். படிக்கும் ஆசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.