கூட்ஸ் வேகன் யாருடையது, யார் கட்டியது? கண்டுபிடிப்பது எப்படி

கேட்டில் நிற்கும்போது கூட்ஸ் வண்டி நிதானமாகக் கடந்து போகும். எல்லா வேகனும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அதன் ஜாதகமே எழுதியிருக்கிறது. படிக்கப் பழகிவிட்டால் அப்புறம் எந்த கூட்ஸையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பிளாட்பாரத்திலோ கேட்டுக்கு வெளியிலோ நின்று பாருங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. போனில் ஒரு படம் எடுத்தால் வீட்டில் நிதானமாகப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

முதலில் எழுத்துகள். பி என்றால் போகி, அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஓ என்றால் மேலே திறந்தது, சி என்றால் மூடியது, டி என்றால் டேங்க். கடைசியில் வரும் என் ஏர் பிரேக்கைக் குறிக்கும். நிலக்கரி ஏற்றுவது பாக்ஸ்-என், நெல்லும் சிமென்ட் மூட்டையும் வருவது பி.சி.என்., பெட்ரோல் டேங்க் பி.டி.பி.என். இந்த மூன்றும் தெரிந்தாலே பாதி வேகன்களை அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

அடுத்தது பதினோரு இலக்க எண். விஷயமே இதில்தான் இருக்கிறது. கணக்குக்காக ஓர் எண்ணை நானே எழுதுகிறேன்: 10 07 98 4213 5.

முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை. 10 என்றால் பாக்ஸ்-என். அடுத்த இரண்டு உரிமையாளர். 01 மத்திய ரயில்வே, 03 வடக்கு, 06 நம் தெற்கு ரயில்வே, 07 தென்கிழக்கு, 09 தென்மத்திய, 25 கன்டெய்னர் ஏற்றும் கான்கார் நிறுவனம். அதற்கடுத்த 98, கட்டிய வருடம் 1998. பிறகு வரும் நான்கும் அந்த வேகனின் தனி எண். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு.

அதைப் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது, பத்தாவது இலக்கங்களைக் கூட்டுங்கள்: 0+7+8+2+3, மொத்தம் 20. மூன்றால் பெருக்கினால் 60. மீதி ஐந்தையும் கூட்டினால் 1+0+9+4+1, அதாவது 15. ஆக 75. அடுத்த பத்தின் மடங்கு 80. வித்தியாசம் 5, கடைசி இலக்கமும் 5. சரி, எண்ணைப் பிழையில்லாமல் படித்திருக்கிறோம். துருவும் கரித்தூளும் படிந்த வேகனில் 3 எது, 8 எது என்று கண்ணுக்குப் புலப்படாது. இந்த எண்ணில் பத்தாவது இடத்து 3-ஐ 8 என்று படித்திருந்தால் கூட்டல் 90 ஆகி, கடைசி இலக்கம் 0 வந்திருக்கும். தப்பு உடனே பிடிபடும். எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்.

கட்டியவர் யார் என்பது எண்ணில் இருக்காது. அதற்கு வேகனின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் சின்ன உலோகத் தகட்டைத் தேட வேண்டும். நிறுவனத்தின் பெயரும் வருடமும் அதில் இருக்கும். டெக்ஸ்மேகோ, டிடாகர், பிரெய்த்வெயிட், பர்ன் ஸ்டாண்டர்டு, ஜெஸ்ஸாப் என்று கல்கத்தா பக்கத்துப் பெயர்களாகவே அதிகம் வரும். திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலும் புது வேகன்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தகடு கண்ணில் பட்டால் தனி சந்தோஷம்தான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, பி.ஓ.எச். என்று தேதியோடு பெயின்ட்டில் எழுதியிருக்கும் ஊர். அது வேகனைப் பிரித்து முழுப் பராமரிப்பு செய்த ஒர்க்‌ஷாப். தென்கிழக்கு ரயில்வே வேகனில் குண்டுபள்ளி என்று இருந்தால், கடைசியாக அங்கே வேலை பார்த்தார்கள் என்று மட்டுமே பொருள். ஆரம்பத்தில் நான் ஒரு நோட்டு முழுக்க இதையே உரிமையாளர் என்று எழுதி வைத்திருந்தேன். இன்னொன்று, சக்கரத்துக்கு மேலே போகியின் இரும்பில் புடைத்து நிற்கும் பெயர். அது போகியை வார்த்த ஆலையின் பெயர். போகியைக் கழற்றி மாற்றுவார்கள், அதனால் அதை நம்பி எழுதாதீர்கள்.

பார்த்த இடமும் சாட்சி ஆகாது. ஒரு மண்டலத்தின் வேகன் நாடு முழுக்க ஓடும். விருத்தாசலத்தில் நிற்கும் வண்டியில் தெற்கு ரயில்வே வேகன் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

நோட்டில் வகை, எண், உரிமையாளர், வருடம், கட்டியவர், பி.ஓ.எச். என ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தகடு விழுந்துபோயிருந்தால் கட்டியவர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதே உரிமையாளர், அதே வருடம், பக்கத்துத் தனி எண்ணோடு தகடு உள்ள வேகன் ஒன்று என்றைக்காவது வரும். ஒரே ஆர்டரில் கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.