குவாரிக்காரர் நோட்டீஸ் அனுப்பினால்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரி பற்றிப் பத்திரிகையில் செய்தி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டே கிடக்கிறது. கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டிருப்பார்கள். வெலவெலத்துப் போகாதீர்கள். அது வக்கீல் எழுதிய கடிதம்தான், நீதிமன்ற உத்தரவு அல்ல.

நோட்டீஸ் வந்த தபால் உறையை முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். ஆத்திரத்தில் எதிர்த்தரப்புக்குப் போன் போடாதீர்கள், பேஸ்புக்கில் பொங்காதீர்கள். பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி, உங்கள் வக்கீல் மூலம் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள்.

பதிலின் பலம் உங்கள் கோப்பில் இருக்கிறது. குத்தகை உத்தரவு, அடங்கல் (கிராம நிலக் கணக்கு), புல வரைபடம், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் எல்லாம் வேண்டும். கண்மாய்க் கரையை வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தால், எந்தச் சர்வே எண் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். நிறுவனத்திடம் விளக்கம் கேட்ட மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அவர்கள் வாய் திறக்காததும் சான்றுதான். தகவல் தந்த கிராமத்துக்காரரின் பெயரைப் பதிலில் எழுதவே வேண்டாம்.

கிரிமினல் அவதூறு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது; மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான். உண்மை என்று மட்டும் நிரூபித்தால் போதாது, பொதுநலனுக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். சம்மன் வந்துவிட்டால், மதுரை ஒத்தக்கடை அருகிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம். அதுவரை ஒரு வாய்தாவையும் தவறவிடாதீர்கள்.