வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் கட்டணத்துக்கு வரி கணக்கிடுவது எப்படி?

கல்லடியில் வீட்டிலிருந்தபடியே சிட்னி நிறுவனமொன்றுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பவரும், கல்முனையிலிருந்து டுபாய்க் கடைகளுக்கு இணையத்தளம் வடிவமைப்பவரும், வெளிநாட்டுக் காசுக்கு வரியில்லை என்றே இன்னமும் நம்பியிருக்கிறார்கள். 2025 மார்ச் 31 வரை அது சரிதான். மறுநாளிலிருந்து அந்த விலக்கு நீங்கிவிட்டது. வெளிநாட்டு நாணயத்தில் பெற்று வங்கியூடாக இலங்கைக்குக் கொண்டுவரப்படும் சேவைக் கட்டணத்துக்கு, வரி வீதம் 15 சதவீதத்தைத் தாண்டாது என்ற சலுகை மட்டுமே எஞ்சியுள்ளது.

வருடத்தில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருப்பவர், பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே வரிக்குரியவர். ஆகவே முதலில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி: ஏப்ரல் முதல் மார்ச் வரை 38,40,000 ரூபா வந்து, இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா போன்ற தொழிற்செலவு 2,40,000 ரூபா எனில், மிஞ்சுவது 36,00,000. தனிநபர் நிவாரணமான, அதாவது வரி விதிக்கப்படாத தொகையான, 18,00,000 ரூபாவைக் கழித்தால் வரிக்குரியது 18,00,000. முதல் 10,00,000 ரூபாவுக்கு 6 சதவீதமாக 60,000. மீதி 8,00,000 ரூபாவுக்கு 15 சதவீதமாக 1,20,000. மொத்தம் 1,80,000 ரூபா. இதே வருமானம் உள்ளூர் வாடிக்கையாளரிடமிருந்து வந்திருந்தால், சாதாரண வீதங்களில் 2,22,000 ரூபா கட்ட வேண்டியிருக்கும். உள்ளூரில் சம்பளமும் பெறுபவருக்கு நிவாரணம் இரண்டு தடவை கிடைக்காது.

இந்த 42,000 ரூபா வித்தியாசம் முழுவதும் பணம் வந்த பாதையில்தான் தங்கியிருக்கிறது. பயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவைக் கணக்கில் கிடந்து, அங்கேயே அட்டை வழியாகச் செலவாகிவிட்ட டொலரை வங்கியூடாக வந்ததாகக் காட்ட முடியாது. வங்கியைத் தவிர்த்து உண்டியல்காரர் மூலம் வந்ததைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு இன்வொய்ஸுடனும், அனுப்பியவர் பெயர், டொலர் தொகை, அன்றைய மாற்று வீதம் மூன்றும் தெரியும் வங்கி ஆவணத்தைச் சேர்த்துக் கோவையிட்டு வையுங்கள். வருட முடிவில் வங்கிக்கு ஓடித் திரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாடிக்கையாளரின் நாட்டில் ஏற்கெனவே வரி பிடித்திருந்தால், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, இங்கே கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிக்கும் வரவாகக் கோரலாம். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பச் சொன்னால் தயங்க வேண்டாம். நீங்கள் அமெரிக்கரல்லர் என்பதை அவர்களுக்கு உறுதிப்படுத்தும் படிவமே அது.

வரியை ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் தவணையாகவும், மீதியை செப்டெம்பர் 30இற்குள்ளும் செலுத்தி, வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30இற்குள் சமர்ப்பிக்க வேண்டும்.