சேலத்துப் பிள்ளைகள் ஆஸ்திரியா ப்ராஜெக்ட் செய்வது எப்படி

'ஏதாவது ஒரு ஐரோப்பிய நாடு' என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்தால் கொடி, நாணயம், தலைநகர் என்று நாலு படம் ஒட்டி முடித்துவிடுகிறோம். ஒட்டுகிற பிள்ளைக்கும் ஒன்றும் ஏறாது, திருத்துகிற டீச்சருக்கும் சலிப்பு. ஆஸ்திரியாவை எடுங்கள், சேலத்துக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எல்லைக்கோடு மட்டும் உள்ள வரைபடம் ஒன்று. ஜெர்மனியிலிருந்து வந்து லின்ஸ், வியன்னா வழியாகக் கிழக்கே போகும் டான்யூப் ஆற்றை நீலத்தில் இழுங்கள். அப்புறம் ஆல்ப்ஸைப் பழுப்பில் தீட்டுங்கள், மேற்கும் தெற்குமாகப் பாதி நாட்டுக்கு மேல் அதுவே போய்விடும். நம் சேர்வராயன் உச்சி 1,600 மீட்டர் சொச்சம்தான், அங்கே குரோஸ்குளோக்னர் 3,798 மீட்டர்.

மக்கள்தொகையை வெறும் எண்ணாக எழுதாதீர்கள். பரப்பு சுமார் 83,900 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, ஆட்களோ ஏறக்குறைய 92 லட்சம்தான். சேலம் மாவட்டத்தில் மட்டுமே 2011 கணக்குப்படி 34 லட்சத்துக்கு மேல். அந்த 92 லட்சத்தில் சுமார் 20 லட்சம் பேர் வியன்னாவில் இருக்கிறார்கள். இவ்வளவு சின்ன நாட்டுக்கு எதற்கு இத்தனை பெரிய தலைநகர் என்று பிள்ளையிடம் கேளுங்கள், வரலாற்றுப் பகுதியை அந்தக் கேள்வியிலேயே ஆரம்பித்துவிடலாம். 1918 வரை ஹாப்ஸ்பர்க் பேரரசின் தலைநகர் அது, ஆளப்பட்டவர்கள் சுமார் 5 கோடிப் பேர். உலகப்போரில் தோற்றதும் சுற்றிலும் புது நாடுகள் கிளம்பின, நகரம் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. 1938-இல் ஹிட்லர் விழுங்கினார், 1955-இல் முழு விடுதலையும் நடுநிலைக் கொள்கையும், 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம். இது போதும், மன்னர் பட்டியலெல்லாம் வேண்டாம்.

சரி, அந்த வசதி. மாமாங்கம் பக்கம் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்திலும் கிடைக்கிறது. உருகிய இரும்பின் மேல் சுத்தமான ஆக்சிஜனை ஊதி எஃகு செய்யும் எல்டி முறையை 1952-இல் முதலில் ஓட்டியது லின்ஸ் ஆலை. அந்த உலைகளின் உட்சுவர் சூட்டைத் தாங்குவது மேக்னசைட்டைச் சுட்டுச் செய்யும் செங்கல்லால்தான். தெரிந்தவர் யாராவது சுரங்கத்தில் இருந்தால் சின்னத் துண்டு ஒன்று கேட்டு வாங்கிச் சார்ட்டில் வையுங்கள், பசையில் நிற்காது, பாலிதீன் பையில் போட்டு நூலால் தைத்துவிடுங்கள்.