மர இணைப்பு ஆடாமல் இருக்க

தேக்கோ வேம்போ, திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி மழையில் ஈர மரத்தில் செய்த இணைப்பு சித்திரை வெயிலில் ஆட ஆரம்பித்துவிடும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து எடுங்கள்.

ஒரு கட்டையில் துளை வெட்டி, இன்னொரு கட்டையின் முனையை நாக்குபோலச் சீவி அதற்குள் இறக்குவதுதான் இந்த இணைப்பு. நாக்கின் கனம், கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். முதலில் துளையை வெட்டுங்கள், அப்புறம் அதற்கேற்ப நாக்கைச் சீவுங்கள். நாக்கைச் சரிசெய்வது எளிது. துளை பெரிதாகிவிட்டால் பெரும்பாடு. கோடு போடப் பென்சிலைவிடக் கூரான கத்தி நல்லது. கத்திக் கீறலில் உளியின் முனை தானாக உட்காரும். பென்சில் கோட்டின் அகலமே பிறகு இடுக்காகத் தெரியும்.

பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினாலோ கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) லேசாகத் தட்டினாலோ இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜன்னல் சட்டம் என் கையில் அப்படித்தான் பிளந்தது, இன்றும் அதை நினைத்தால் வருத்தம். துளை, நாக்கைவிட இரண்டு மில்லிமீட்டர் ஆழமாக இருந்தால் மிஞ்சும் பசை அங்கே தங்கிக்கொள்ளும். சரி, பசை தடவிய பிறகு ஒரு இரவு முழுக்க இறுக்கிப் பிடித்து வையுங்கள்.