சேற்றில் எண்ணெயா, புகையா: ஜி.சி.-எம்.எஸ். சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் எண்ணெய் படிந்தது. அப்படிப்பட்ட கரையின் சேற்றில் பி.ஏ.எச். எனும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை, சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் தேடும்போது முக்கியமான கேள்வி, அவை எண்ணெயிலிருந்து வந்தனவா, எரிபுகையிலிருந்தா என்பது. எண்ணெய் என்றால் நாப்தலீன் போன்ற இரண்டு, மூன்று வளையச் சேர்மங்கள் தூக்கலாக இருக்கும். புகை என்றால் நான்கும் அதற்கு மேலும்.

அதனால்தான் சேற்றை 105 டிகிரி அடுப்பில் காயவைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். நாப்தலீன் என்பது பழைய அந்துருண்டைதான். பீரோவில் போட்டாலே சில மாதத்தில் காணாமல் போகிற பொருள், அந்தச் சூட்டில் நிற்குமா? அது பறந்ததும் எண்ணெய்ச் சேறு புகைச் சேறாகத் தெரியும். பழி வேறு யார்மேலோ விழும். உறையவைத்து உலர்த்துங்கள், அல்லது ஈரத்தோடே நீரற்ற சோடியம் சல்ஃபேட் கலந்து பிரித்தெடுங்கள். நைட்ரஜன் ஊதிச் சாற்றைக் குறுக்கும்போதும் அடிவரை வற்றவிடாதீர்கள். ஈரப்பதம் அறிய 105 டிகிரி வேண்டும்தான். அதற்குக் கொஞ்சம் சேற்றைத் தனியாக எடுத்துவையுங்கள்.

இழப்பை அளக்க, டியூட்டீரியம் எனும் கனமான ஹைட்ரஜன் ஏற்றிய நாப்தலீனையும் பினாந்திரீனையும் கரைப்பான் ஊற்றுவதற்கு முன், சேற்றிலேயே சேர்க்க வேண்டும். கடைசியில் குப்பியில் சேர்த்தால் வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியாது.

பிளாஸ்டிக் பையில் மாதிரி எடுத்தால், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் ஒட்டிக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் கருவி வரையும் வரைபடத்தில் நிறை 149-இல் பெரிய பெரிய முகடுகள் எழும். கண்ணாடிப் புட்டியே நல்லது.

அப்புறம், கந்தகம். இரண்டு விரற்கடை ஆழத்தில் சேறு கன்னங்கரேலென்று அழுகிய முட்டை வாடையோடு வந்தால், சாற்றில் தனிமக் கந்தகமும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிறை 64, 128, 256 என்று வரிசையாகத் தலைகாட்டி, நடுவில் வரும் முகடுகளை மூடிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிப் பளபளப்பாக்கிய தாமிரத் துருவலைச் சாற்றில் போட்டால் நொடியில் கறுக்கும். கொஞ்சமாவது கறுக்காமல் மிஞ்சும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நிறை 252-இல் ஒரு பொறி இருக்கிறது. புற்றுநோய் தரும் பென்சோ-ஏ-பைரீனுக்கும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இயற்கையாகவே உருவாகக்கூடிய பெரிலீனுக்கும் அதே நிறைதான். கருவியில் உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் நிறமாலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணினியில் உள்ள நிறமாலைத் தொகுப்பு 95 சதவீதப் பொருத்தம் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். இரண்டின் தூய மாதிரிகளையும் ஓட்டி, எது எந்த நிமிடத்தில் வெளியேறுகிறது என்று பார்த்த பிறகே பெயரை எழுதுங்கள்.