மீன் குறைந்ததா, வலை இறங்கவில்லையா? பருவக் கணக்கெடுப்பில் நடக்கும் தவறுகள்

கரையோர மீன் கணக்கெடுப்பு ஒன்றில் கோடையில் 42 இனம், மழைக்காலத்தில் 27 இனம் என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'மழைக்காலத்தில் பல்வகைமை குறைகிறது' என்று எழுதிவிடக் கை துடிக்கும். பொறுங்கள். கடல் கொந்தளித்த மாதங்களில் வலை எத்தனை முறை இறங்கியது? கோடையில் 20 முறை, மழையில் 8 முறை என்றால் குறைந்தது மீனா, நம் உழைப்பா என்று சொல்லவே முடியாது. அரிதான மீன்கள் பெரும்பாலும் பிந்தைய இழுப்புகளில்தான் தலைகாட்டும். அதனால் இரண்டு பருவத்திலும் ஒரே எண்ணிக்கை மீனை எடுத்திருந்தால் எத்தனை இனம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 1968-ல் கடல் உயிரியலாளர் ஹோவர்ட் சாண்டர்ஸ் கொண்டுவந்த முறை இது. 1971-ல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் அதன் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்.

வலையை மாற்றுவதும் இதே ரகத் தவறுதான். செவுள்வலை கண்ணிக்கு ஏற்ற பருமன் உள்ள மீனைத்தான் பிடிக்கும். கரைவலையில் குஞ்சும் வரும். ஒரு பருவத்துக்கு இது, அடுத்ததற்கு அது என்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. பகலா இரவா, ஏற்றமா வற்றமா என்பதற்கும் இதே கதி.

அடுத்தது குறியீட்டெண் மயக்கம். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். 10 இனம், இனத்துக்குப் பத்து மீன், மொத்தம் 100. எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாக இருக்கின்றன என்ற இரண்டையும் ஒரே எண்ணில் சொல்வது ஷானன் குறியீடு. இயல் மடக்கையில் (natural log) அது 2.30 வரும். அடுத்த மாதம் மத்திக் குஞ்சுக் கூட்டம் ஒன்று வலையில் ஏறுகிறது. மத்தி மட்டும் 910. மற்ற ஒன்பதும் அதே பத்துப் பத்து. குறியீடு 0.50-க்குச் சரிந்துவிடும். அதே குறியீட்டைத் தரச் சம அளவில் உள்ள எத்தனை இனம் போதும் என்று பார்த்தால், 10 இருந்த இடத்தில் சுமார் 1.65! ஆனால் ஒரு இனம்கூடக் காணாமல் போகவில்லை. குஞ்சு பொரித்துக் கரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் 'சீரழிவு' என்று எழுதினால் மத்திக்குத்தான் சிரிப்பு வரும். அப்புறம், மடக்கையின் அடிமானத்தையும் குறிப்பிடுங்கள்: அடிமானம் 2 என்றால் அந்த 2.30 தான் 3.32 ஆகும். இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்போது இதை மறந்தவர்கள் நிறைய.

இதற்கு நேரெதிரும் உண்டு. இரண்டு பருவத்திலும் குறியீடு 2.1, உள்ளே போய்ப் பார்த்தால் பாதி இனங்கள் மாறியிருக்கும். எண் அசையாதபோது பெயர்ப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில், ஒரே கரையில் பத்து இழுப்பு எடுத்தால் அது பத்துச் சான்று ஆகாது. அந்த நாளைப் பற்றிய ஒரே சான்று. 1984-ல் இதைப் போலிப் பிரதிகள் என்று கண்டித்தவரும் அதே ஹர்ல்பர்ட்தான். ஒரே ஆண்டை வைத்துப் 'பருவ மாற்றம்' என்பதும் அப்படித்தான். 1997–98, 2015–16 போல எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வலுத்த ஆண்டில் எடுத்த தரவு எந்தப் பருவத்தைக் காட்டும்? மீனுக்கு நாட்காட்டி தெரியாது. வெப்பமும் உப்பும் இரையும்தான் தெரியும். ஒவ்வொரு இழுப்பிலும் நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்துவிடுங்கள்.

கடைசியாக, பெயர் வைப்பது. கிளிமீன்களில் இளம்பருவ நிறம் ஒன்று, முதிர்ந்த ஆணின் நிறம் வேறு. இதனால் ஒரே மீன் இரண்டு இனமாகப் பெயர் பெற்றதுண்டு. விலாங்கின் கதை இன்னும் வேடிக்கை. அதன் கண்ணாடி போன்ற லார்வாவுக்கு 1856-ல் தனி மீன் என்றே பெயர் வைத்தார்கள். அது ஐரோப்பிய விலாங்கின் குஞ்சு என்று இத்தாலியில் கண்டுபிடிக்க 1890-கள் ஆயின. குஞ்சுகள் குவியும் பருவத்தில் இந்த ஆபத்து கூடும். இல்லாத இனங்கள் பட்டியலில் ஏறிவிடும். சந்தேகம் வந்தால் இனப் பெயர் எழுதாமல் பேரினத்தோடு (genus) நிறுத்திக்கொண்டு, நீளத்தை எழுதி, படம் எடுத்து, ஒன்றிரண்டைப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.